உவர்க்காட்டில் அக்கா விளைவித்த கேழ்வரகு

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். இந்த நினைவு மலருக்கு நல்ல வார்த்தையாக நாலு எழுதித் தரும்படி கேட்டார்கள். அக்காவைப் பற்றி நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் இன்று திதிச் சாப்பாட்டுக்கு முன்பந்தியில் உட்காரப்போகிற சிலர் அக்காவை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அக்கா பிறந்தது காட்டூரில். எனக்கு எட்டு வயது மூத்தவர். வாய்க்கால் தண்ணீரும் வாழைக்கொல்லையுமாக வளர்ந்தவரைத் திருச்சிக்குத் தெற்கே, மழையை நம்பிக் கிடக்கிற ஒரு வறண்ட ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஊர்ப் பெயர் உங்களுக்கே தெரியும். அத்தான் தங்கமானவர். கல்யாணமான சில வருஷங்களிலேயே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை.

அத்தானுடைய அண்ணனை ஊரில் எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர் பாகம் பிரித்தபோது நல்ல நிலமெல்லாம் ஆண்களுக்குப் போயிற்று. அக்காவுக்கு ஜீவனாம்சமாக உவர்க்காடு. கோடையில் உப்புப் பூத்து வெள்ளைவெளேரென்று கிடக்கும். துணி வெளுப்பவர்கள் வெள்ளாவிக்கு மண் அள்ள வருவார்களே தவிர, ஒருவரும் ஏர் கட்டி இறங்கியதில்லை. கிணற்றுத் தண்ணீரும் வாயில் வைக்க முடியாத கரிப்பு. "எப்படியும் பொறந்த வீட்டுக்குத்தானே போகப்போகுது, இது போதும்" என்று அக்கா காதில் விழும்படியே பெரியவர் சொன்னார். அக்கா பிறந்த வீட்டுக்கு வரவில்லை. கேழ்வரகு நாற்று விட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடையானதும் எல்லாப் பங்காளிகளும் நல்ல கதிர்களைப் பெரிய வீட்டில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குதிரில் கொட்டிக் கலந்து வைத்து, விதைக்கிற காலத்தில் பெரியவர் தம் கையால் அள்ளிக் கொடுப்பார். சாமி காரியம் மாதிரி நடக்கும். அக்காவும் முதலில் அந்த விதையைத்தான் போட்டார். நட்ட பயிர் நுனி கருகிச் செத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தூர்கள் மட்டும் நின்றன. அந்தக் கதிர்களைத் தனியே கொய்து வைத்து, மறுவருஷம் அதையே நட்டார். அதிலும் பெரும்பகுதி போயிற்று. நின்றதை மறுபடியும் எடுத்து வைத்தார். இப்படியே வருஷா வருஷம்.

நான் ஒருமுறை பொறுக்காமல், "ஏன்க்கா இந்த உப்புல கெடந்து சாகறே? ஸ்ரீரங்கத்துக்கு எங்களோட வந்துடு" என்றேன்.

"நாலு பயிர் நிக்குதே, பாத்தியா? அதுக்கு ஒத்துக்கிட்ட மண்ணு எனக்கு ஒத்துக்காதா? போடி அந்தண்டை" என்று சிரித்தார்.

அந்த விதையைப் பெரிய வீட்டுக் குதிரில் கலக்க அக்கா சம்மதிக்கவில்லை. "கலந்தா இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் போயிடும் மாமா. இது மட்டும் தனியா இருக்கட்டும்" என்று கதவோரம் நின்று கெஞ்சினார். "குடும்பத்து வெதையை ஒதுக்குறவ குடும்பத்துல இருந்தும் ஒதுங்கியே இருக்கட்டும்" என்றார் பெரியவர். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து எதற்கும் அக்காவுக்கு அழைப்பில்லை. பத்திரிகைத் தட்டோடு அக்கா வாசலைத் தாண்டிப் போவார்கள். என்ன அநியாயம் இது! யார் குடியைக் கெடுத்தார் அக்கா?

கடைசியில் உவர்க்காடு முழுக்கப் பச்சை கட்டியது. உடனே பெரிய வீட்டார் வந்துவிட்டார்கள். "எங்க தாத்தா செஞ்ச புண்ணியம், மண்ணு தெளிஞ்சுடுச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு. புல்லும் முளைக்காத ஒரு கல்லாங்குத்து நிலத்தை அக்கா தலையில் கட்டிவிட்டு உவர்க்காட்டை எடுத்துக்கொண்டார்கள். பெரிய வீட்டு விதையை நட்டார்கள். மாதம் திரும்புவதற்குள் அத்தனையும் கருகிற்று. கருகாதா பின்னே? மண் எங்கே தெளிந்தது? அதே மண், அதே உப்பு. தெளிந்தது அக்கா பொறுக்கி எடுத்த விதை. இதை யோசிக்க ஒருவருக்கும் புத்தியில்லை. அக்கா செய்வினை வைத்துவிட்டார் என்றார்கள். கூசாமல் சொன்னார்கள்! பிறகு, இந்தச் சனியன் உனக்கே இருக்கட்டும் என்று நிலத்தைத் திருப்பித் தள்ளினார்கள். அக்கா மறுபடி தம் விதையை நட்டார். விளைந்தது. அப்போதும் தாத்தா புண்ணியம்தான்!

யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் ஊரே தவித்தபோது, அதே வீட்டுப் பெண்கள் முறத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்கள். அக்கா அளந்து பார்க்காமல் கொடுத்தார். "உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?" என்று நான் கத்தினேன். "புள்ளைங்க என்னடி பண்ணுச்சு?" என்றார். வாங்கித் தின்றவர்கள் அதன் பிறகும் ஒரு நல்லது கெட்டதுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கடைசி மாதங்களில் கால் வீங்கி, மூச்சு முட்டி, அக்கா ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் இருந்தார். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எங்கள் தெருப் பெண்களுக்கும், அக்காவோடு கடைசிவரை களை எடுத்த செல்லம்மாவுக்கும், மேடு பள்ளமான ராஸ்தாவில் அக்காவை நோகாமல் கொண்டுவந்து சேர்த்த வண்டிக்காரருக்கும் நான் பட்ட நன்றிக்கடன் சொல்லி முடியாது.

பெரிய வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கருமாதி முடிவதற்குள், உவர்க்காடு இனி எங்கள் நிலம் என்று சொல்லி அனுப்பினீர்கள். ஜீவனாம்ச நிலம் அக்கா ஆயுள் வரைக்கும்தான், சட்டம் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரரும் சொல்கிறார். எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் நீங்கள் நட்டது கருகிப் போனதையும் கேள்விப்பட்டேன். அக்கா கொண்டுவந்த விதை என்னிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன், அக்காவும் கொடுத்திருப்பார். ஆள் அனுப்ப வேண்டாம், பெரியவரே வர வேண்டும். என் வாசலில் நின்று, தாத்தாவை இழுக்காமல், "உங்க அக்கா உண்டாக்கின கேப்பை" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும்.