ஒடாஹுஹுவுக்கு மேலால போன ஹெலிகொப்டர்

இண்டைக்கு ஒடாஹுஹு எண்ட எங்கட புறநகரில, என்னோட வேலை செய்யிற லூசியாவும் நானும் பஸ்ஸுக்கு நிண்டுகொண்டிருந்தம். அவ அமெரிக்காவில, டெக்சாஸில பிறந்து, பிறகு இந்த நாட்டுக்கு வந்தவ. தாயும் தகப்பனும் மெக்சிகோவில இருந்து களவா ஆறு கடந்து வந்த ஆக்கள்.

"அமெரிக்கத் தேர்தலில ஆருக்குப் போட்டனீர்?" எண்டு கேட்டன்.

"எல்லையை மூடுவன் எண்டு சொன்ன ஆளுக்குத்தான். முறையா வாறவை வரட்டும்" எண்டா.

நானும் தலையாட்டினன். அகதியா வந்து இஞ்ச சிற்றிசன் ஆனாப்பிறகு நானும் அப்பிடித்தானே கதைக்கிறன்.

அந்த நேரம் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒண்டு தாழப் பறந்து வந்துது.

யாழ்ப்பாணத்தில ஹெலியில இருந்து சுட்ட காலத்துப் பழக்கம், நான் சுவரோட ஒட்டிப்போனன். திரும்பிப் பாத்தா, அதே சுவரோட லூசியா. சின்னனில தாய் தகப்பனோட எல்லைப் பொலிஸுக்கு ஒளிச்ச பழக்கம்.

பஸ் வந்து, நிண்டு, போயிட்டுது. ரெண்டு பேரும் ஏறேல்லை.

பாஸ்போட் ரெண்டு பேரிட்டயும் இருக்கு. அதை எங்கட கால்களுக்கு ஆராவது எடுத்துச் சொல்லுங்கோவன்.