என்ஜின் தண்ணீர்த் தொட்டி

உடற்பயிற்சி முடிந்த உடம்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. தண்டால் எடுப்பதும் பஸ்கி போடுவதும் பாதி வேலைதான். வியர்வையைக் கழுவி, இறுகிய தசையை இளக்கி, கால் மணி நேரம் அசையாமல் கிடந்தால்தான் மறுபாதி முடியும். இதை எந்தப் பயில்வானும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஐம்பதுகளின் நடுவில், இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாள்தோறும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பறையில் எனக்குக் காலை முறை வேலை. நான்கு மணிக்கு விடுவார்கள். நாலே முக்காலுக்கு ஸ்டோருக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஐந்து பேர் கூடுவோம். இரண்டு கர்லாக்கட்டைகள், கொழுந்து உருட்டும் பழைய ரோலரிலிருந்து கழற்றிப்போட்ட ஓர் இரும்பு வளையம், தரையில் விரிக்க நான்கு சாக்கு. இவ்வளவுதான் எங்கள் பயிற்சிக்கூடம். ஐவரில் எனக்கு நெருக்கமானவர் என் அத்தை மகன். அவருக்கு மலையில் தேயிலைச் செடிகளைத் தறிக்கும் கவ்வாத்து வேலை. பகலெல்லாம் கத்தி வீசிவிட்டு மாலையில் கர்லாவும் சுற்றுவார்.

ஆரம்பத்தில் பயிற்சி முடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே உள்ள பீலியில் குளித்தோம். மலை ஊற்றை மூங்கிலால் இழுத்து விட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் விழும்போது தோளில் கல் விழுவதுபோல் இருக்கும். சூடான உடம்பில் அதை ஊற்றிய இரண்டாம் வாரம் என் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அத்தை மகனுக்கு அதைவிட மோசம். காலையில் விரல்கள் மடங்கவில்லை. கத்திப் பிடியைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார். கவ்வாத்து குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் போடுவார்கள். பயிற்சியை விட்டுவிடுவதாகவே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என்ஜின் அறைத் தொட்டி கண்ணில் பட்டது. ஸ்டோர் முழுவதையும் ஓட்டியது ஒரு பெரிய எண்ணெய் என்ஜின். அது சூடேறாமலிருக்க ஓடைத் தண்ணீரை அதைச் சுற்றி ஓட விடுவார்கள். உள்ளே போகும்போது பனிபோலப் போகும் தண்ணீர், வெளியே வரும்போது ஆவி பறக்க வரும். அது ஒரு சிமெந்துத் தொட்டியில் நிரம்பி, வழிந்து, வீணாக வடிகால் கானில் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் நின்ற பிறகும் இரண்டு மணி நேரம் தொட்டியில் சூடு நிற்கும். கையை விட்டுப் பார்த்து அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

என்ஜின் டிரைவரிடம் கேட்டோம். ஐம்பது வயதுக்காரர், என்ஜினை மாடு என்பார், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இந்தத் தண்ணியில குளிச்சுக்கலாமுங்களா?"

"குளிங்கடா. எம் மாடு பேஞ்சதுதானே, எனக்கென்ன நட்டம்?"

அன்றிலிருந்து ஒரு முறை வகுத்துக்கொண்டேன். கடைசி பஸ்கி முடிந்ததும் உட்காரக் கூடாது. தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூச்சு அடங்கும்வரை கொட்டகையைச் சுற்றி நடக்க வேண்டும். பிறகு முதல் தண்ணீர் பாதத்துக்கு. அடுத்து முழங்கால், தொடை, முதுகு. தலைக்குக் கடைசியில். பயத்தமாவு தேய்த்துக் கழுவுவோம். சவுக்காரம் தோலை வறட்டியது, அதனால் விட்டுவிட்டேன். துவட்டிய பிறகு கெண்டைக்காலிலும் தோளிலும் தைலம். யூக்கலிப்டஸ் இலையை நல்லெண்ணெயில் போட்டு நானே காய்ச்சியது. மற்றவர்களுக்கு அதன் நெடி பிடிக்கவில்லை, நான் மட்டும்தான் தேய்த்தேன். கடைசியாகப் படுத்து ஓய்வெடுப்பது. மற்ற நால்வரும் லயத்துக்குப் போய்விடுவார்கள். நான் அடுப்பறைக்குப் போவேன். அங்கே அடுப்புக்குப் பக்கவாட்டில், விசிறி காற்றை இழுக்கும் வாய்க்கு அருகில் செங்கல் தரை இதமாகச் சுடும். தைலக் கையைத் துடைத்த துண்டை மேலே கம்பியில் காயப்போட்டுவிட்டுக் கீழே மல்லாந்து கிடப்பேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கும் அந்தச் சுகத்துக்கு ஈடாக வேறெதையும் நான் அறியேன்.

மூன்று மாதத்தில் அத்தை மகனின் விரல்கள் தேறின. ஒரு நாள்கூட அவருக்கு அரைப்பேர் விழவில்லை.

சித்திரையில் கொழுந்து குவிந்தது. அந்த மாதத்தில் ஒரு காலை டீமேக்கர் என்னைக் கூப்பிட்டார். ஸ்டோர் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. முந்தின நாள் தூளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது கோப்பையை உறிஞ்சி, துப்பி, என்னிடம் நீட்டினார்.

"குடி."

குடித்தேன்.

"என்னா வருது?"

"தைல வாடை வருதுங்க ஐயா."

"தேயிலக் கடை நடத்துறேனா, மருந்துக் கடை நடத்துறேனா? தொட்டியில எவனோ தைலத்தப் பூசிக்கிட்டுக் குளிக்கிறான். அந்த ஆவிதான் உள்ள வருது. சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். எவன்னு தெரியலேன்னா தொட்டிக்குப் பலகை அடிச்சுப் பூட்டிருவேன். பீலியில போய் நனையுங்க."

தேயிலை அக்கம்பக்கத்து வாடையை எல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பது அடுப்பறையில் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். அந்தக் கோப்பைக்குள் இருந்தது என் கெண்டைக்கால் என்று எனக்கு நாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. மூன்று மாதமாக அதே தைலம், அதே தரை. ஏன் இப்போது மட்டும்?

மாலையில் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். பதில் அதிலேயே இருந்தது. தை முதல் பங்குனி வரை கொழுந்து குறைவு. பிற்பகல் மூன்றுக்கே அடுப்பை நிறுத்திவிடுவோம். நான் போய்ப் படுக்கும்போது விசிறி ஓடாது, உள்ளே தேயிலையும் இருக்காது, செங்கல்லில் மிச்சச் சூடு மட்டும் இருக்கும். சித்திரையில் ஆறரை வரைக்கும் அடுப்பு ஓடியது. விசிறி என் தோள் வாடையையும் துண்டின் வாடையையும் இழுத்து, சூடாக்கி, நேரே தேயிலைக்குள் அனுப்பியிருக்கிறது. பயிற்சியின் ஒழுங்கை மாற்றாமல் காத்த நான், ஸ்டோரின் ஒழுங்கு மாறியதைக் கவனிக்கவில்லை.

அத்தை மகனிடம் சொன்னேன்.

"வாயத் தொறக்காத மச்சான்" என்றார் அவர். "ஒன்னய அடுப்புல இருந்து தூக்கிருவாங்க. அந்த எடத்துக்கு எத்தன வருசம் காத்துக் கெடந்த?"

"தொட்டிய மூடிட்டா?"

"பீலி இருக்குல்ல."

"ஒங் கையக் காட்டு."

காட்டினார். விரல்களை மடக்கி விரித்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டீமேக்கரின் அறைக்குப் போனேன். அந்த வாடை என்னுடையதுதான் என்றும், தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னேன்.

"கூட்டாளிகளக் காப்பாத்த வந்திருக்கியா?"

"இல்லீங்க ஐயா. வேணும்னா காட்டுறேன்."

"எந் தேயிலைய வச்சு ஒனக்கு சோதனையா?"

"மூணு கைப்பிடி போதுமுங்க."

அவர் முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. ருசி பார்ப்பவர்களுக்கு இப்படிப்பட்ட விஷயத்தில் ஆவலை அடக்க முடியாது. ஒரு கைப்பிடித் தூளைத் தட்டில் பரப்பி அடுப்பின் பக்கவாட்டில் சூட்டுச் செங்கல்மேல் வைத்து, அதற்கு மேலே என் துண்டைத் தொங்கவிட்டேன். இன்னொன்றைத் தொட்டியின் விளிம்பில், ஆவிக்குள்ளேயே வைத்தேன். மூன்றாவது அவர் அலமாரியில். ஒரு மணி நேரம் கழித்து மூன்றையும் கொண்டுவந்தேன். எது எதென்று அவருக்குத் தெரியாதபடி கோப்பைகளின் அடியில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு ஊற்றினேன். ஆறு நிமிடம் ஊறியது.

முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினார். கோப்பையைத் தள்ளி வைத்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை உறிஞ்சியவர் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, என் பக்கம் குனிந்து தோளை மோந்தார்.

"நீயேதான்" என்றார்.

கோப்பைகளைக் கவிழ்த்துக் காட்டினேன். தொட்டியருகே இருந்தது சுத்தமாக இருந்தது. என் துண்டுக்குக் கீழே இருந்ததுதான் அவர் துப்பியது.

தொட்டிக்குப் பூட்டு வராது என்றார். அடுத்த சொல்லிலேயே என் தண்டனையையும் சொன்னார். "திங்கக்கிழமையிலருந்து நீ சலிக்கிற பக்கம் போ. தீபாவளி வரைக்கும் அடுப்பறை வாசப்படிய மிதிக்கக் கூடாது." நியாயமான தண்டனை. தைலப் போத்தலை அன்றே லயத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இனி படுக்கும் முன் வீட்டில் மட்டும் தேய்ப்பது, காலையில் கழுவிவிட்டே வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஓய்வுக்கு என்ஜின் அறையின் வெளிச்சுவரைத் தேர்ந்தெடுத்தேன். கருங்கல் சுவர், உள்ளிருந்து சூடு மெதுவாக வெளியே கசியும். முதுகை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். மல்லாந்து கிடப்பதில் முக்கால் பங்கு சுகம் அதிலும் உண்டு.

சலிக்கும் அறைக்குப் போன முதல் நாள் மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் தூள். தும்மித் தும்மி வயிறு வலித்தது. அன்று கொட்டகைக்கு வந்தபோது என் நிறத்தைப் பார்த்துக் கூட்டாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வழக்கமான அளவில் ஒரு தண்டால்கூடக் குறைக்காமல் எடுத்து முடித்தேன். மூச்சு அடங்க நடந்தேன். தொட்டியில் பால் டின்னால் மொண்டு பாதத்தில் ஊற்றினேன், பிறகு முழங்காலில், தொடையில், முதுகில். தலையில் ஊற்றியதும் தண்ணீர் செம்பழுப்பாக வழிந்து கானுக்கு ஓடியது.

என்ஜின் டிரைவர் கதவோரம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான்டா நல்லா சாயம் எறங்குது" என்றார். "சீனி மட்டும் போட்டா போதும்."

அத்தை மகன் இன்னொரு டின் மொண்டு என் தலையில் ஊற்றினார். அதுவும் பழுப்பாகவே போனது. ஐந்தாவது டின்னில்தான் தெளிந்தது. சுத்தமான உடம்போடு சுவரோரம் போய் முதுகைச் சாய்த்தேன். சுவர் சூடாக இருந்தது.