கயிற்றில் விட்ட இடைவெளி

வெர்னா மெடீரோஸும் அவள் கணவன் ஆர்லினும் ஒரே காரில்தான் கடற்கரைக்கு வருவார்கள். இறங்கிவிட்டால் யாரோ எவரோ. அவள் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கடல்நாய்க்காரர்களின் குடைக்கடியில் போய் நிற்பாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சல்காரர்களின் மேசைக்குப் போவான். இரண்டுக்கும் நடுவே நாலு எட்டு வைத்தால் போதும். லா ஹோயா என்கிற அந்தக் கடற்கரை ஊரில் இந்த நாலு எட்டைத் தாண்டிப் போய் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொன்னதில்லை.

சண்டை பழையது. அந்தச் சின்னக் கரையில் அலையை மறித்து ஒரு சுவர் கட்டினார்கள், குழந்தைகள் பயமில்லாமல் குளிக்கட்டும் என்று. குழந்தைகள் குளித்தார்கள். பிறகு கடல்நாய்கள் வந்து பார்த்தன. அலை அடிக்கவில்லை, படுக்க மணல் இருந்தது, குடிவந்துவிட்டன. குட்டியும் அங்கேயே போட ஆரம்பித்தன. கூடாரத்துக்குள் ஒட்டகம் நுழைந்த கதை என்றார்கள் நீச்சல்காரர்கள். இதில் ஒட்டகம் யார் என்று கேட்டார்கள் கடல்நாய்க்காரர்கள்.

நகர சபை இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்த்தது. குட்டி போடும் காலத்தில் மணலுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியது. கயிற்றின் வலது ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. அதன் வழியாகக் கடலுக்குப் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் போகிறபோது கடல்நாய்கள் மிரண்டு ஓடினால் குற்றம். பந்தியில் உட்காரலாம், இலையைத் தொடக்கூடாது என்கிற மாதிரி ஒரு சட்டம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கையில் கேமராவோடு, அடுத்தவன் எப்போது தப்பு செய்வான் என்று காத்துக்கிடந்தார்கள்.

வெர்னா கடல்நாய்களைத் தேடி வந்தவள் அல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்தபோது ஆர்லின் பக்கவாதத்தில் விழுந்தான். சூரை மீன் பிடிக்கும் படகுகளில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன். இடது கை, இடது கால் பாதிதான் திரும்பி வந்தன. அதைவிட விநோதம், உலகத்தின் இடது பாதியே அவனுக்கு இல்லாமல் போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார் டாக்டர். தட்டில் இடப்பக்கம் வைத்த முட்டையை அப்படியே விட்டுவிட்டு, பசிக்கிறது என்பான். வெர்னா தட்டைத் திருப்பி வைப்பாள்.

தண்ணீரில் மட்டும் அவன் முழு ஆள். மற்ற கரைகளில் முதல் அலையே புரட்டிப் போட்டுவிடும். சுவர் இருக்கிற இந்த ஒரு கரையில்தான் தடியை மணலில் குத்திவிட்டு மெல்ல இறங்கி, மிதந்து, பழைய ஆர்லினாகக் கொஞ்ச நேரம் இருக்க முடிந்தது. அவன் மூழ்கிவிடுவானோ என்று அவள் சுவரில் உட்கார்ந்து காவல் காத்தாள். அந்த முதல் குளிர்காலம் முழுக்க, அவனைத் தவிர அவள் பார்ப்பதற்கு இருந்தவை கடல்நாய்கள் மட்டும்தான். புருஷனுக்குக் காவல் வந்தவள் அடுத்த வருடம் கடல்நாய்களுக்குக் காவலாளி ஆகிவிட்டாள்.

ஊர் சிரித்தது. வீட்டில் அதை வைத்தே பொழுது போயிற்று.

"உன் பொறந்த வீட்ல இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" என்பான் ஆர்லின், காலையில் காப்பியை ஊற்றிக்கொண்டே.

"ரெண்டு பொறந்திருக்கு. ரெண்டும் உன்னைவிட லட்சணம்."

"மீசை எனக்குத்தான் கம்மி, ஒத்துக்கறேன்."

குடைக்கடியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் எடுப்பது வெர்னாதான். கயிற்றுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் கைதான். உள்ளங்கையை உயர்த்தினால் நில். தாழ்த்தினால் உட்கார். அந்தப் பாடத்தை எதிர்த்தரப்பில் ஓர் ஆளுக்கும் அவள் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆர்லின் இடைவெளியில் நுழையும்போது அவள் அவனுக்கு வலப்பக்கம், படிக்கட்டு ஓரத்தில் நிற்பாள். ஒரு தாய்க் கடல்நாய் தலையைத் தூக்கினால் உள்ளங்கை உயரும். அவன் நிற்பான். கூட்டம் நெளிந்தால் கை தாழும். அவன் மணலில் உட்கார்ந்துவிடுவான். இப்படித்தான் இத்தனை குளிர்காலமும் ஒரு கடல்நாய்கூட மிரளாமல் அவன் கடலுக்குப் போய் வந்தான். நீச்சல்காரர்கள் அவன் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். கடல்நாய்க்காரர்களுக்கு அவன்மேல் குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, குடைக்காரர்களின் தலைவி ப்ரிசில்லா ஹாக் வெர்னாவின் கையில் கேமராவைக் கொடுத்தாள்.

"சபையில எத்தனை தடவை பேசிட்டோம், வெர்னா. எடுபடலை. குளிர்காலம் பூரா கரையை மூடணும்னா கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு வேணும். நீங்க இன்னைக்குச் சுவர்ப் பக்கம் நில்லுங்க. அங்கேருந்துதான் நல்லா விழும்."

"அது ஆர்லின் எறங்கற நேரமாச்சே."

"அவரை யாரு எடுக்கச் சொன்னா? அவரு ஒருநாளும் தப்பு பண்ணினதில்லையே."

உண்மைதானே என்று வெர்னா நினைத்தாள். சுவர்ப் பக்கம் போனாள். இடைவெளியிலிருந்து கடலைப் பார்த்து நடக்கிறவனுக்குச் சுவர் இடதுபக்கம். இத்தனை வருடம் தட்டைத் திருப்பி வைத்தவளுக்கு அது அப்போது உறைக்கவில்லை. இதை நினைத்தால், கதை சொல்கிற எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆர்லின் இடைவெளியில் நுழைந்து, தடியை ஊன்றி மெல்ல நடந்தான். பாதி வழியில் படிக்கட்டைப் பார்த்தான். அங்கே அவள் இல்லை. தடுக்க யாரும் இல்லையென்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டான். அந்த நேரம் சுவரோரப் பாசிக்குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு தாய், அன்று பிறந்த குட்டியோடு தண்ணீரைப் பார்த்து ஊர்ந்து வந்தது. அவன் இடப்பக்கமிருந்து நேராக அவன் காலடிக்கு. ஓடிக்கொண்டிருந்த கேமரா ஒரு கையில் இருக்க, வெர்னா மறு உள்ளங்கையை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். அவன் வந்துகொண்டே இருந்தான். இன்னும் ஓர் அடி வைத்தால் தடி குட்டியின் மேல் இறங்கும்.

"ஆர்லின், நில்லு!"

சுவர் அந்தக் குரலை வாங்கித் திருப்பி அடித்தது. மணலில் கிடந்த அத்தனையும் ஒரே வீச்சில் கடலுக்குள் பாய்ந்தன. தாயும் பாய்ந்தது. குட்டி உருண்டு மல்லாந்து கிடந்தது. ஆர்லின் நடுவில் நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

குட்டியை யாரும் தொடக்கூடாது, தாய் திரும்பும்வரை விலகியிருக்க வேண்டும். அது கத்தியது, கைக்குழந்தை கத்துவதுபோல. தாய் ஒரு தடவை தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியது. அதற்குள் மேலே கம்பிவேலியருகே இரண்டு தரப்பும் மோதிக்கொண்டிருந்தன.

"கொலைகாரனுங்களா!"

"சட்டப்படிதாண்டா போனான் அவன். பொத்திக்கிட்டுப் போ."

"உங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டி இருக்கா?"

தாய் அந்தக் கூச்சலைக் கேட்டது, முங்கியது. பிறகு வரவில்லை. அவர்கள் வாயை மூடியிருந்தால் வந்திருக்கும். சாயங்காலம் மீட்பு வண்டிக்காரர்கள் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனார்கள். மறுநாள் அது செத்துப்போனதாகச் செய்தி வந்தது.

ப்ரிசில்லா திரும்ப வாங்கிப்போன கேமராவிலிருந்த வீடியோ அதற்கு முன்பே ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதில் சத்தம் இல்லை. ஒரு கிழவன் தடியோடு தாயையும் குட்டியையும் பார்த்து நடக்கிறான், கூட்டம் சிதறுகிறது. அவ்வளவுதான். வெர்னா ப்ரிசில்லாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சத்தத்தை ஏன் எடுத்தீங்க? அதுல என் குரல் இருக்கு. நான்தான் கத்தினேன்."

"வெறும் காத்து எரைச்சல்தான் இருந்துச்சு, வெர்னா. அவரு நடக்கலைன்னா நீங்க கத்தியிருக்கவே மாட்டீங்க. ஒரு குட்டி போச்சு, எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா அதால இனிமே பொறக்கற அத்தனையும் பொழைக்கும்."

அந்தப் பேச்சில் பொய் எது என்று வெர்னாவால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. வீட்டுக்கு வந்தால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் யாரோ முகம் தெரியாதவர்கள் ஆர்லினைச் சாகச் சொன்னார்கள். அவன் வாங்கி, "ஆகட்டும், பாக்கறேன்" என்று சொல்லி வைத்தான்.

சபை கூடிய அன்று பேசுவதற்கு வெர்னா பெயர் கொடுத்திருந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஆர்லினைக் கூப்பிட்டார்கள். நீச்சல்காரர்கள் கைதட்டினார்கள். நம்ம ஆள் விட்டு விளாசுவான் என்று எதிர்பார்த்தார்கள்.

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டான். "அது என்னாலதான் ஓடிச்சு. எனக்கு ஒரு பக்கம் தெரியாது. தெரியாதவன் அங்க போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கைதட்டியவர்களில் ஒருவன் "துரோகி" என்றான். அடுத்து வெர்னாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். நடைபாதையில் திரும்பி வந்துகொண்டிருந்த ஆர்லின் அவளைப் பார்த்து, நல்ல கையை நீட்டி, உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினான். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. இத்தனை வருடம் அவன் அவள் கைக்குக் கட்டுப்பட்டிருந்தான், அந்த ஒரு தடவை அவள் கட்டுப்பட்டாள்.

காரில் ஏறியதும் கேட்டாள். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீ கத்தினேன்னு சொன்னா உன்னையும் அந்தக் குடைக்குக் கீழ விட மாட்டாங்க. எனக்குத்தான் போச்சு. உனக்காவது இருக்கட்டும்னுதான்."

"நான் இனிமே அங்க எப்படிடா போவேன்?"

அவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை. வழி முழுக்கக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

குட்டி போடும் காலம் முழுவதும் கரையை மூடுவது என்று சபை முடிவு செய்தது. கயிறு போய்ச் சங்கிலி வந்தது, இடைவெளி இல்லாமல். காவலுக்கும் இனி ஆள் வேண்டியதில்லை. நீலச் சட்டையை வெர்னா துவைத்து யாரிடமோ கொடுத்தனுப்பினாள். ஆர்லினை உள்ளரங்க நீச்சல் குளத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போனாள். மிதவை கட்டிய பொடிசுகளோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது தண்ணியே இல்லை, மருந்து" என்று ஏறிவிட்டான். அதோடு சரி. மீதிக் குளிர்காலம் நாற்காலியில் கழிந்தது. அவள் லிங்குயிசா என்கிற தொத்திறைச்சியை வறுத்து முட்டையோடு வைத்தால், தட்டைத் திருப்பிய பிறகும் பாதியோடு தள்ளிவிடுவான். கடல்நாய்களைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கிண்டல் செய்வதையும் அவன் விட்டுவிட்டான். அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று.

மே மாதம் சங்கிலியை எடுத்தார்கள். வெர்னா அவன் துண்டை எடுத்துக் காரில் போட்டாள். இந்த ஒரு காலைக்காகத்தான் அவள் அந்தக் குளிர்காலத்தைத் தள்ளியிருந்தாள். படிக்கட்டின் தலையில் வந்து நின்றார்கள். கீழே மணலில் யாரும் இல்லை. ஆர்லின் கம்பியைப் பிடித்து இடது காலை எடுத்து வைக்கப் பார்த்தான். கால் எழும்பவில்லை. அவள் தோளைக் கொடுத்தாள். இன்னொரு தடவை பார்த்தான். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"படியைக் கூட்டிட்டாங்களா என்ன?"

"இல்லை, ஆர்லின். அதே படிதான்."

அவன் ஓரத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, "நீ போய்க் காலை நனைச்சுட்டு வா" என்றான்.

கடல்நாய்க்காரியாக இருந்த இத்தனை வருடத்தில் வெர்னா அந்தத் தண்ணீரில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப்போனாள். முழங்கால்வரை நின்றாள். அழுகை வந்தது, அங்கேயே அழுது முடித்துவிட்டு ஏறி வந்தாள்.

"ஜில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

குனிந்து அந்த ஈரத்தைத் தொட அவனால் முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். சொட்டிக்கொண்டிருந்த கால்சட்டை விளிம்பை அவன் நல்ல கையால் பிடித்துக்கொண்டான். அது காயும்வரை விடவில்லை.