பம்படியில் வெட்டிய குழி

வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி வெட்டியாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது நான் கொருக்குப்பேட்டையில் குடியிருந்தேன். ரயில்வே கூட்ஸ் யார்டுக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள் சில குடித்தனங்கள். எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலை.

எங்கள் காம்பவுண்டில் ஓர் அடிபம்பு இருந்தது. தெருவில் மற்ற பம்புகள் உப்பாகிப்போன பிறகும் அதில் மட்டும் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் வந்தது. கோடையில் தோள் வலிக்க அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்று, பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம், அதன்பின் நல்ல தண்ணீர். கீழ்வீட்டு அக்கா அந்தத் தண்ணீரில்தான் மாவு அரைத்து, வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். அவருக்கு வேறு வருமானம் கிடையாது.

வீட்டுக்காரர் தெற்கத்தி மளிகை வியாபாரி, எல்லோருக்கும் அண்ணாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டி வைத்து இடம் பார்த்தார். ஒரு மூலையில் செப்டிக் டேங்க். வாசல் பக்கம் களிமண். துணி துவைத்த தண்ணீரே அங்கே சாயங்காலம்வரை தேங்கி நிற்கும். பின்சுவரை ஒட்டி அவருடைய கிடங்கு. மணல் இருந்தது பம்படியில் மட்டும்தான்.

“இன்னா அண்ணாச்சி, வேற எடமே கெடைக்கலியா? என் வயித்துலயே பள்ளம் நோண்ட்றியா?” என்றார் அக்கா.

“நான் என்னம்மா செய்ய? தண்ணி எறங்குத மண்ணு அங்கனதான கெடக்கு. குழி இல்லன்னா குழாய் கனெக்சன வெட்டிருவானாம்லா. பேப்பர்காரரு நிக்காருல்லா, அவரக் கேளு.”

மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றேன். எனக்குக் கவலை மொட்டைமாடியைப் பற்றி. அதை ஒரு பழைய டிரம் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தொழிற்சாலைகளிலிருந்து வாங்கிய டிரம்கள். அடியில் மிச்சம் இருந்தது கசிந்து தளமெல்லாம் கருப்பாகப் படிந்திருந்தது. மழை பெய்தால் அதுதான் குழிக்குள் வரும்.

“அப்போ டிரம்ம தூக்கிட்டு மாடிய கய்வி வுட்டா சரிதானே?” என்றார் அக்கா. சரி என்றார் அண்ணாச்சி. நானும் சரி என்றேன்.

குழி வெட்டி, உடைந்த செங்கல், ஜல்லி, மணல் என்று நிரப்பினார்கள். மாடியிலிருந்து பைப்பை இறக்கிக் குழியில் விட்டார்கள். வியாபாரியை டிரம்களைக் கிளப்ப வைப்பதற்குள் வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது.

டிரம்கள் போன மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா சேலையைத் தூக்கிச் செருகியபடி மாடியில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சோப்புத்தூள் போட்டுத் தளம் முழுவதையும் தேய்த்திருந்தார். கறையே தெரியவில்லை.

“பாத்தியா சார், சோத்த கொட்டி துன்னலாம்.”

“கழுவின தண்ணி எங்க போச்சு?”

“எங்க போவும்? அதான் பைப்பு கீதே...”

இருவரும் கீழே இறங்கி ஓடினோம். குழியின் மேல்மணல் நனைந்து, எண்ணெய் மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி உடனே கடையிலிருந்து ஆளை வரவழைத்து, போட்டதையெல்லாம் வாரி வெளியே கொட்ட வைத்தார். அடியிலும் ஈரம். இன்னும் வெட்டினார்கள், அங்கேயும் அதே வாடை. மணல்சுவர் சரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி சொன்னது சரிதான், அந்த மண் தண்ணீரை நன்றாகவே உள்ளே வாங்கியது.

அந்த வருஷம் மழையும் குறை வைக்கவில்லை. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதாக அலுவலகத்துக்கு ஒரு செய்தி வந்தது. ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். எங்கள் பம்பிலும் முதல் அடிக்கே தண்ணீர் கொட்டியது. மண்ணெண்ணெய் போன்ற நெடியோடு கொட்டியது.

அக்கா தினமும் காலையில் வெகுநேரம் அடித்துப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு டம்ளரை நீட்டினார்.

“மோந்து பாரு சார். நேத்திக்கு இன்னிக்கு கம்மிதானே?”

கம்மியாகத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

“உனுக்கு ஜலதோசம். இந்தப் பேஜாரு புட்ச்ச மூக்க போய் கேட்டேன் பாரு,” என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கினார். கழுவாத அரிசி குண்டானில் அப்படியே இருந்தது. அடிக்க அடிக்கத் தண்ணீர் சிரமமே இல்லாமல் வந்தது. வந்ததெல்லாம் அவர் காலடி மணலிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.