நகரசபையிடம் சீட்டு எடுத்தவர்

பன்னிரண்டை எண்ணிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பதின்மூன்றாவது டோனட்டை இடுக்கி நுனியில் தூக்கிப் பிடித்து ஒரு கணம் நிறுத்துவார் கெம் வுத்தி. வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் அது இளஞ்சிவப்புப் பெட்டிக்குள் இறங்கும். கண்ணில் படாத இலவசத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அறுபத்தொரு வயது. லின்டோரா நகரத்தில் கடை போட்டு இருபத்தாறு வருஷம். கலிபோர்னியா வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். காபிக்கு இரண்டு காகிதத் துடைப்பான் தருவார். மூன்றாவது கேட்டால், கேட்டவரின் கையை முதலில் பார்ப்பார். எல்லோரும் அவருக்கு அண்ணன், அக்கா, தம்பி. வங்கி மேலாளரைக்கூட மருமகனே என்று கூப்பிட்டு ஒருமுறை கடன் கேட்டிருக்கிறார். மருமகன் கொடுக்கவில்லை.

இப்போது ஊரில் உலவும் வதந்திக்கு வருவோம். அது பிறந்தது அவருடைய கடையின் மூலை மேசையில். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற டுவேன், ஒரு காபியை மூன்று மணி நேரம் குடிக்கும் திறமை கொண்டவர், வுத்தி காதில் விழும்படியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்: "இவனுக்கு இனிமே ஆயுசுக்கும் வரி கிடையாது, தெரியுமா? மேயரை டோனட் குடுத்தே மடக்கிட்டான். இருபத்தோராயிரம் டாலர்!"

ஆதாரம் சுவரிலேயே தொங்குகிறது. ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த காசோலை. அதில் 210.00, அதாவது இருநூற்றுப் பத்து டாலர், என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள புள்ளியை டுவேன் ஒப்புக்கொள்வதில்லை. "இவ்வளவு பெரிய செக்குல அவ்வளவு சின்னத் தொகையை எவனாவது எழுதுவானா?"

எழுதுவார்கள். விசாரித்ததில் தெரிந்த கதை இது.

போன டிசம்பரில் நகரசபை ஓர் அறிவிப்பை ஒட்டியது. சிறு கடைகளின் தொழில் உரிம வரியில் இருநூற்றைம்பது டாலரை நகரசபையே ஏற்கும். நிதி எண்பது கடைகளுக்கு மட்டும். வுத்தியின் வரி முந்நூற்றுப் பத்து. அறிவிப்பை மூன்று முறை படித்துவிட்டுச் சொன்னார்: "எண்பது பேர் சீட்டு. மேயர்தான் தலைவர். போட்டி பலமா இருக்கும்."

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊரிலுள்ள கம்போடியாக்காரர்கள் இருபது பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி நடத்தும் ஏலச்சீட்டுக்கு வுத்திதான் தலைவர். யாருக்குப் பணம் அவசரமோ அவர் எவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். அதிகம் விடுகிறவருக்குச் சீட்டு. கடையின் எண்ணெய்க் கொப்பரை, கண்ணாடி அலமாரி, மகளின் பல்மருத்துவப் படிப்பு, எல்லாம் இப்படி எடுத்ததுதான். விட்டுக்கொடுக்காமல் பணம் கைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதி.

"அது இனாம்ப்பா," என்றார் டுவேன். "சும்மா போய் வாங்கிக்க."

"இனாமா? அப்ப மத்த எழுபத்தொம்பது பேரும் கையைக் கட்டிட்டு நிப்பாங்களா? போங்கண்ணே. நான் நாப்பது விடப்போறேன்."

மானியம் கேட்பவர்கள் முதலில் இரண்டு மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும் என்பது விதி. தலைப்பு, தொழிலில் வெல்வது எப்படி. நடத்தியவர் இருபத்தாறு வயது இளைஞர். ஒரு வெற்றிலைப் பெட்டிக்கடைகூட வைத்து நடத்திய அனுபவம் இல்லாதவர். உள்ளூர்க் கடைகளை ஆதரிப்பது பற்றி அவர் உருக்கமாகப் பேசிய அந்த அறையில், சாப்பிட வைத்திருந்தது பெரிய பேரங்காடியில் வாங்கிய டோனட். வுத்தி ஒன்றை எடுத்துப் பிட்டு, முகர்ந்து பார்த்து, காகிதத்தில் சுற்றி மனைவி தாவிக்குக் கொண்டுவந்து காட்டினார். "மூணு நாள் எண்ணெய். ஊரை வாழவைக்கிற லட்சணம் இதுதான்."

ஜனவரி பத்தாம் தேதி விண்ணப்பத்தோடு நகரசபைக் கவுண்டருக்குப் போனார். அங்கே லொரெய்ன் அம்மாள். வெள்ளிக்கிழமை தோறும் அலுவலகத்துக்காக ஒரு டஜன் வாங்கிப்போகிற வாடிக்கையாளர். வுத்தி விண்ணப்பத்தை நீட்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாலாக மடித்த துண்டுக் காகிதத்தை அவர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

லொரெய்ன் பிரித்தார். உள்ளே நாற்பது என்று மட்டும் இருந்தது.

"இது என்ன, மிஸ்டர் கெம்?"

"எனக்குக் கொஞ்சம் அவசரம், அக்கா. நாப்பது விடுறேன். முதல்ல எனக்குக் குடுத்துடுங்க."

லஞ்சத்தை அடையாளம் காண்பது எப்படி என்று நகரசபை ஊழியர்களுக்கு முந்தின வாரம்தான் பயிற்சி நடந்திருந்தது. மடித்த காகிதம், தாழ்ந்த குரல், அவசரம் என்ற சொல், மூன்றும் பாடத்தில் இருந்தன. லொரெய்ன் நன்றாகப் படித்த மாணவி. நாலு நாளில் வுத்திக்குக் கடிதம் வந்தது: விளக்கம் கிடைக்கும்வரை உங்கள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. புது உரிமம் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கடைச்சுவரில் ஒட்டியிருக்காவிட்டால் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன் என்று கட்டட உரிமையாளர் எழுதிக்கொடுத்திருந்தார். அந்த இடத்துக்கு இரண்டு மடங்கு வாடகை தர ஒரு காபிக் கம்பெனி காத்திருந்தது. வுத்தி முந்நூற்றுப் பத்து டாலரை ரொக்கமாக எடுத்துக்கொண்டு ஓடினார்.

"மானியமே வேணாம், அக்கா. முழு வரியும் இந்தாங்க."

"வாங்க முடியாதே. உங்க கோப்பு நிறுத்திவச்சிருக்கு."

"அப்ப விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"நிறுத்திவச்சதை எப்படி வாபஸ் வாங்குவீங்க?"

இளவயதில் தாய்லாந்து எல்லை அகதி முகாமில் இரண்டு வருஷம் அரிசிக்கு வரிசையில் நின்றவர் வுத்தி. அந்த வரிசை நகர்ந்தது. இங்கே அவர் மட்டும்தான் நின்றார், ஆனாலும் நகரவில்லை. கடைக்குத் திரும்பி, முதல்முறையாக ஒரு தட்டு டோனட்டைக் கருகவிட்டார். டுவேன் மூன்றாவது துடைப்பான் கேட்டபோது மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் தாவிக்குப் பயம் வந்தது.

முப்பதாம் தேதி தாவி மாவுக் கையோடு கிளம்பினாள். கவுண்டரில் லொரெய்ன், பக்கத்தில் அவருடைய மேலதிகாரி.

"ஐயா, லஞ்சம்னா ஒருத்தன் தன் பையிலருந்து எடுத்துக் குடுக்கணுமா இல்லையா?"

"ஆமாம்."

"எங்க வீட்டுக்காரர் என்ன குடுத்தாரு? நீங்க குடுக்கிற காசுல நாப்பதை நீங்களே வச்சுக்கங்கன்னாரு. எங்க ஊருல இதுக்குப் பேரு சீட்டு. இந்த ஊருல இதுக்குப் பேரு குத்தமா? அப்படின்னா பைத்தியக்காரத்தனம்னு ஒரு கட்டம் போட்டு அதுல டிக் அடிங்க. உரிமத்தைக் குடுங்க."

மேலதிகாரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். குறைவாகக் கேட்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. இதுவரை எவரும் கேட்டதில்லை. கோப்பை விடுவித்தார். உரிமத்தில் முத்திரை விழுந்தது. ஆனால் நகரசபை அந்த நாற்பதை மட்டும் மறக்கவில்லை. மானியம் இருநூற்றுப் பத்து என்று எழுதி, மீதி நூறு டாலரைத் தாவியிடம் வாங்கிக்கொண்டு ரசீது கிழித்தார்கள்.

எண்பது கடைகளுக்கான நிதிக்கு மனுப்போட்டவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். மற்ற முப்பது பேருக்கும் இருநூற்றைம்பது முழுசாகக் கிடைத்தது. மிச்சப் பணம் நகரசபைப் பெட்டியிலேயே தூங்குகிறது. இதை வுத்தியிடம் சொன்னால் அலட்சியமாகக் கையை உதறுவார். "ஏலத்துல ஜெயிச்சது யாரு? நான்தானே?"

மறுநாள் சுவரில் உரிமம் ஏறியது. கட்டட உரிமையாளர் வந்து பார்த்து, குத்தகையில் கையெழுத்துப் போட்டு, வுத்தி நீட்டிய காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் மேயர் வந்தார், படப்பிடிப்பாளரோடும் அட்டைக் காசோலையோடும். தானாக முன்வந்து விட்டுக்கொடுத்த முதல் வணிகர் என்று வுத்தியின் தோளில் கைபோட்டுப் பேசினார். வந்தவர்கள் சாப்பிட மூன்று டஜன் டோனட். அதை நகரசபைக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். ஐம்பத்துநாலு டாலர்.

பிப்ரவரியில் பில் அனுப்பினார். நகரசபைக்குப் பொருள் விற்பவர் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. பதிவுக் கட்டணம் அறுபது டாலர். வுத்தி அந்தக் கடிதத்தைச் சீட்டு நோட்டுக்குள் வைத்தார். நோட்டில் இருபது பெயருக்குக் கீழே இருபத்தொன்றாவதாக லின்டோரா நகரசபை. அதற்கு நேரே, வரவு இல்லை என்று, மாதா மாதம் ஒரு சுழி.

போன வெள்ளிக்கிழமையும் லொரெய்ன் வந்தார்.

"ஒரு டஜன், மிஸ்டர் கெம். கலந்து வைங்க."

"ஆகட்டும், அக்கா."

பன்னிரண்டு பெட்டிக்குள் போயிற்று. இடுக்கி நுனியில் பதின்மூன்றாவது எழும்பியது. சர்க்கரைப் பாகு மின்ன, லொரெய்னின் கண்ணுக்கு நேரே நின்றது. வுத்தி தலையைத் திருப்பி அட்டைக் காசோலையை ஒரு பார்வை பார்த்தார். லொரெய்னும் பார்த்தார். மூலை மேசையில் டுவேனின் காபிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

வுத்தி டோனட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, பெட்டியை மூடி, நூலை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டார்.