குறிகட்டுவானில் விதை எறிந்தது யார்

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளத்துக்காக வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் நிற்கும் அக்கா, ஆட்டுக்கு வெட்டிய பூவரசங்குழைக் கட்டைத் தலையில் வைத்திருக்கிறார். திடீரென்று கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்புகிறார். விரல் நுனியில் மல்லியிலும் சிறிய விதை ஒன்று.

“என்ன அண்ணை, இந்த வயதிலை விதை எறிஞ்சு விளையாடுறியளோ?”

வரிசை முழுவதும் என்னைப் பார்க்கிறது. நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறேன். வெட்கத்தில் காது சுடுகிறது. அவர் முன்னே திரும்பியதும் இன்னொன்று விழுகிறது.

“பாருங்கோவன், திரும்பவும்!”

அப்போதுதான் குழைக்கட்டில் ஒரு காய்ந்த குச்சி தன் நுனியை மேலே வளைப்பதைக் காண்கிறேன். பேசாமல் விரலை நீட்டுகிறேன். அக்கா கட்டை இறக்கிப் பார்க்கிறார். குச்சிக்குக் கால்கள் இருக்கின்றன. அது நுனியைச் சுண்ட, விதை பறந்து வந்து என் சட்டையில் விழுகிறது.

“ஐயோ, குச்சிப்பூச்சி முட்டை போடுது! சும்மா உங்களைப் பேசிப்போட்டன், அண்ணை.”

வரிசையே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன்.

ஓட்டி வள்ளத்தின் இயந்திரத்தை முடுக்குகிறார். எல்லாரும் ஏறுகிறோம். அக்கா மட்டும் பூச்சி இருக்கும் கொப்பை உருவிக்கொண்டு வீதியோரப் பூவரசுக்கு ஓடுகிறார்.

“மூத்தவளைப் பெற, நோவோடை இந்தக் கடலாலை ஆஸ்பத்திரிக்குப் போனனான். அந்தப் பாடு இதுக்கும் வேண்டாம்!”

ஓட்டி கயிற்றை அவிழ்க்கிறார். நான் எழுந்து, துறை முழுவதும் கேட்கக் கத்துகிறேன்:

“பொறும் தம்பி, அக்கா வரட்டும்!”