சோகை உரிக்கிற கை

கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், சோகை உரிக்கத் தைலம்மாளை விட்டால் ஆள் கிடையாது என்று. கரும்பின் அடியில் காய்ந்து தொங்கும் இலைதான் சோகை. அதை உரிக்காமல் விட்டால் இடுக்கில் பூச்சி அடையும், காற்று போகாது, கரும்பு பெருக்காது. தைலம்மாள் ஒரு வரிசைக்குள் நுழைந்தால் சரசரவென்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் மறுமுனையில் வெளியே வரும்போது கரும்பெல்லாம் குளித்துவிட்டு நிற்பது போல இருக்கும். காய்ந்தது எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இராது. அடுத்தவர் வாசலில் வாடித் தொங்கும் மாவிலையைக்கூடப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வாள். ஊரே கேலி செய்யும், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் மகள் எழில்மதிக்கு விபத்து நேரும் வரைக்கும்தான்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தாயும் மகளும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போனார்கள். கரும்பு வெட்டு முடிந்தால் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. அங்கே ஒருநாள் பாகு கொண்டுபோனவன் கால் வழுக்கி, கொதிக்கிற பாகு அப்படியே எழில்மதியின் கழுத்தில் கொட்டியது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, பிடித்த இடத்தை விடாது. கொட்டகைக்காரர் ஒரு வண்டி பிடித்து அனுப்பிவைத்தார். அவர் கடமை அதோடு முடிந்தது. மறுநாள் கொப்பரை வழக்கம்போலக் கொதித்தது.

புண் ஆறியது. ஆனால் ஆறிய தோல் சுருங்கிச் சுருங்கி முகவாயை இழுத்து நெஞ்சோடு ஒட்டிவிட்டது. இருபது வயதுப் பெண்ணால் அண்ணாந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாசலில் வந்து நின்றால் எதிரே கல்வராயன் மலை. அவளுக்குத் தெரிந்ததோ தன் கால்விரல் மட்டும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருவர்கூடத் துணைக்கு வரவில்லை.

கடைசியில் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ராதிகா பொறுமையானவர். உட்காரவைத்து, மெல்லிய ஷீட் ஒன்றைக் காட்டி விளக்கினார்.

“சாரம் கட்டி அதுமேல நின்னுதானே சுவர் எழுப்புவாங்க? இந்த ஷீட்டும் அப்படித்தாம்மா. மாட்டுச் சவ்வுலேர்ந்து எடுத்த புரதத்துல செஞ்சது. உங்க பொண்ணோட வயித்துக் கொழுப்புலேர்ந்து ஸ்டெம் செல் எடுத்து இதுல விடுவோம். அது இதைப் பிடிச்சுக்கிட்டு வளரும், சாரம் தானா கரைஞ்சிடும். மேல ஒரு மெல்லிசு படலம் இருக்கும். அதை நாங்கதான் நேரம் பார்த்து எடுக்கணும், வேற யாரும் தொடக்கூடாது. ஒருத்தருக்கு ஒரு ஷீட்டுதான். கெட்டுப்போனா இன்னொண்ணு கிடையாது.”

“பொண்ணு தல நிமிருமா, டாக்டரம்மா?”

“பிடிச்சுக்கிட்டா நிமிரும்.”

தைலம்மாள் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

இறுகிய தோலை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் ஷீட்டைப் பதித்தார்கள். கழுத்து அசையாமல் பட்டை போட்டு, முகம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்தார்கள். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த முகத்தை நேராகப் பார்க்கிறாள்! தைலம்மாள் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் நர்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரம், எழில்மதி கண்ணயர்ந்திருந்தாள். கட்டு ஓரமாக நழுவியிருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு படலம். அதன் விளிம்பு காய்ந்து, சுருண்டு, தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் ஏதோ ஈரம். சீழ் அடைந்துவிட்டது, காற்று போகவில்லை என்று நினைத்தாள். நினைத்தாளோ இல்லையோ, கை போய்விட்டது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

எழில்மதி அலறிக்கொண்டு விழித்தாள். “இன்னாம்மா பண்ற!”

“காஞ்சது கெடக்குதுடி... எடுத்துட்டா காத்தாடும்னு...”

படலத்தோடு அடியில் இளஞ்சிவப்பாக என்னவோ பிய்ந்து வந்தது. பின்னாலேயே ரத்தம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒட்டிப் பார்த்தாள், ஒட்டவில்லை. அமுக்கிப் பிடித்தாள், நழுவியது. கட்டை இழுத்து மூடிவிட்டு, பிய்ந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு கட்டிலுக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளின் கழுத்தைத் தானே திரும்ப அறுத்துவிட்டோமே என்று வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

“யார் கேட்டாலும் வாயத் தொறக்காத,” என்றாள் எழில்மதி மேலே பார்த்தபடி. “உன்ன வெளிய அனுப்பிட்டா நான் தனியா இங்க இன்னா பண்ணுவேன்?”

மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்தார். அவர் முகம் மாறியது.

“இடது பக்கம் போச்சு. மிச்சம் பிடிச்சிருக்கு, ஆனா நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. யாரு கை வெச்சது?”

“நான்தாங்க,” என்றாள் எழில்மதி. “அரிச்சுது.”

பொறுமையான டாக்டருக்கு அன்று பொறுமை போய்விட்டது. இருந்த ஒரே ஷீட்டைக் கெடுத்துவிட்டாளே என்று திட்டித் தீர்த்தார். மிச்சமும் போகாமல் இருக்க இரண்டு கையையும் துணி சுற்றிக் கட்டில் கம்பியில் கட்டச் சொன்னார். நர்ஸ் வந்தாள். எழில்மதி தானே கையை நீட்டினாள். ஒரு கை கட்டியாயிற்று. தைலம்மாள் சுவரோடு சுவராக நின்றாள். வாய் திறக்காதே என்று மகள் சொன்னது காதில் இருந்தது. நர்ஸ் அடுத்த கையைப் பிடித்தாள்.

“வுடுங்க! அவ இல்லீங்க!”

தைலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது ராத்திரிக்குள் காய்ந்து சோகை மாதிரி சுருண்டிருந்தது. அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சோகை அறுத்த தழும்பும் காய்ப்புமான இரண்டு கைகளையும் டாக்டரின் முன்னால் நீட்டினாள்.

“கட்டறதா இருந்தா இதக் கட்டுங்க டாக்டரம்மா. என்ன மட்டும் வெளிய அனுப்பிடாதீங்க.”